முள்ளில்லாத முள்ளுக்கத்திரி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சத்துவாச்சாரி வீட்டு மாடியில் நான் வளர்த்த முள்ளுக்கத்திரியில் முள்ளே வரவில்லை. தண்டைத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இலையைத் திருப்பி நடுநரம்பைத் தடவினேன். காய்க்குத் தொப்பி போட்ட மாதிரி பச்சையாக இருக்குமே, அதையும் அழுத்திப் பார்த்தேன். எங்கேயும் குத்தவில்லை. காயும் உருண்டு திரளாமல் கீழே நீண்டுகொண்டே போனது. சாம்பாரில் போட்டோம், சாப்பிட்டோம். "கத்திரிக்கா தானே, இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள் அம்மா.

வேலூர்க்காரனுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே முள்ளுக்கத்திரியைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 2023-ல் வேலூர் முள்ளுக்கத்திரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் விளையும் காய். அதற்கு நான் விதை வாங்கியது எங்கே என்றால், போனில். வேறு ஏதோ மாநிலத்து முகவரி போட்ட கவர், அழகான படம், 'பாரம்பரிய நாட்டு ரகம்' என்று தங்க எழுத்து, உள்ளே இருபது விதை. புகார் செய்ததும் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஆடியில் விதைத்து ஐப்பசியில் காய் பார்த்த நாலு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அழுகின தக்காளியை வாங்கினால் வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்க்கும்போதே தெரிந்துவிடும். விதை பொய் சொன்னால் ஒரு பருவம் கழித்துத்தான் தெரியும். கத்திரி விதையைக் கையில் வைத்துப் பார்த்து இது முள்ளா, மொட்டையா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி தட்டையாக, வெளிர் மஞ்சளாக இருக்கும்.

அதனால் 'விதை எங்கே வாங்குவது' என்ற கேள்வியை அந்த வருஷம் முதல் கொஞ்சம் தீவிரமாகவே எடுத்துக்கொண்டேன். மாடியில் பன்னிரண்டு செடிப் பைகளும் வீட்டுப் பின்னால் கட்டில் அளவு மண்ணும் வைத்திருக்கிறவனுக்கு இவ்வளவு யோசனை தேவையா என்று கேட்கலாம். தேவைதான். ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு நூறு செடி போனாலும் மிச்சம் இருக்கும். எனக்கு இருப்பதே நாலு கத்திரிச் செடி.

அடுத்தபடியாக, விவசாயிகள் வாங்குகிற இடத்திலேயே வாங்கிவிடலாம் என்று டவுனில் ஒரு உரக்கடைக்குப் போனேன். எது என்று சொல்லப் போவதில்லை. வாசலிலேயே தோரணம் மாதிரி விதைப் பாக்கெட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சித்திரை வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானும் மயங்கி வெண்டை வாங்கினேன். இருபது விதை ஊன்றியதில் மூன்று முளைத்தது. பாக்கெட்டை எடுத்து முதல் முறையாகப் பின்பக்கத்தைப் படித்தேன். விதை பரிசோதித்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல வழியில்லை, எல்லாமே அச்சடித்துத்தான் இருந்தது. படிக்காதது நான்.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையைவிட அதுதான் முக்கியம் என்பது இப்போது என் கட்சி. 1966-ல் வந்த விதைச் சட்டத்தின்படி பாக்கெட்டில் சில விஷயங்கள் இருந்தே ஆகவேண்டும்: பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், புறத்தூய்மை (தூசி தும்பு கலக்காத அளவு), பரிசோதித்த நாள், காலாவதி நாள், எடை. அரசுச் சான்று பெற்ற விதை என்றால் நீல அட்டை. ஆனால் வீட்டுத்தோட்டக்காரர் கையில் வரும் காய்கறி விதையில் பெரும்பாலும் பச்சை அட்டைதான் இருக்கும். 'உண்மைநிலை விதை' என்பார்கள். அதாவது, 'நான் சொல்வது உண்மை' என்று விற்பவரே சொல்லிக்கொள்வது. முளைப்புத்திறனுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. தக்காளிக்கும் கத்திரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகல், புடலை, சுரை வகைகளுக்கும் 60. மிளகாய் விதை பத்துக்கு ஆறு முளைத்தாலே சட்டப்படி நல்ல விதை. இது தெரியாமல் என் தண்ணீரையும் என் கையையும் எத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன்.

சான்று விதைக்கு ஆயுள் பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம். அப்புறம் மறுபடி சோதித்துத் தேறினால் இன்னொரு ஆறு மாதம் நீட்டலாம். இது ஒழுங்காகக் காற்றுப் புகாமல், குளிர்ச்சியாக வைத்த விதைக்கு. விதைக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், கடை வாசலில், வெயிலில் காயும் பாக்கெட்டுக்குள் என்ன நடக்கும்? மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். முளைக்காத விதை என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் போல.

உரக்கடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் இப்போதும் போகிறேன், ஆனால் ஆடி பிறந்து முதல் இரண்டு வாரத்தில் அல்லது தை மாதத்தில். கழனிக்காரர்கள் வந்து பையோடு நிற்கும் நாட்கள் அவை. அப்போதுதான் புதுச்சரக்கு இறங்கும், இறங்கினதும் போய்விடும். சித்திரையில் அதே கடையில் இருப்பது தையில் விற்காமல் தங்கினது. உள்ளே, நிழலில், டப்பாவிலோ அலமாரியிலோ வைத்திருக்கிற கடையா என்று பார்க்கிறேன். வெங்காய விதை, கேரட் விதை மாதிரி சீக்கிரம் உயிர்போகிற சரக்கு என்றால் தேதி பார்க்காமல் கையிலேயே தொடுவதில்லை. (கேரட் வேலூர் மாடியில் ஏன் என்று கேட்காதீர்கள். கார்த்திகைக் குளிரில் ஒரு முறை ஆசைப்பட்டேன். சுண்டுவிரல் மாதிரி நாலு வந்தது.)

உரக்கடையில் இன்னொரு தலைவலி அளவு. அங்கே விற்பது கழனிக்கான சரக்கு. தக்காளி விதை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய முந்நூறு இருக்கும். பத்து கிராம் பாக்கெட் என்றால் மூவாயிரம் செடி. எனக்குத் தேவை ஆறு. இதைச் சொன்னால் கடைப்பையன் பாவப்பட்டு, பிரித்த பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நியூஸ்பேப்பரில் மடித்து, "பத்து ரூபா குடுணா" என்பான். மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொட்டலத்துக்குத் தேதி கிடையாது, ரகம் கிடையாது, எப்போது பிரித்தது என்று அவனுக்கே நினைவிருக்காது. நான் செய்வது இதுதான்: எங்கள் தெருவில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் நாலு வீடு இருக்கிறோம். ஒரு பாக்கெட் வாங்கி என் முன்னாலேயே பிரித்து நாலாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம். மிச்சம் இருந்தால் மூடி இறுக்கமான ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும்.

எங்கே வாங்கினாலும் விதைப்பதற்கு முன்னால் பத்து விதையைச் சோதித்துவிடுகிறேன். பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு கிழிசலை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, சின்ன டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்துவிட வேண்டும். வெண்டை நாலைந்து நாளில் வாயைத் திறக்கும். தக்காளி ஒரு வாரம். கத்திரி பத்து நாள் வரை போகும். மிளகாயும் பாகலும் இரண்டு வாரம் வரை நம் பொறுமையைச் சோதிக்கும். தினம் காலையில் காபி போடும் நேரத்தில் பிரித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. வெள்ளையாக, நூல் முனை மாதிரி ஒரு வேர் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு முழுதும் மனசு லேசாக இருக்கும். பத்தில் ஆறுக்குக் குறைந்தால் குழிக்கு ஒன்றுக்குப் பதிலாக மூன்று விதை, அவ்வளவுதான். மூன்றுக்கும் கீழே போனால் குப்பைக்கூடை.

நாட்டு விதையா, ஹைப்ரிட்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். தக்காளிக்கு ஹைப்ரிட் வாங்குகிறேன், வெட்கப்படாமல். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளை ஈ மொய்க்கும், அது கொண்டுவரும் இலைச்சுருட்டு நோய் வந்தால் செடி முடங்கிப்போய் குட்டையாகவே நிற்கும். பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்ஷக்' தக்காளி அந்த நோயோடு பாக்டீரியா வாடல், இலைக்கருகல் என்று மூன்றையும் தாங்கும் ஒட்டு ரகம், அதாவது ஹைப்ரிட். அவர்களுடைய 'அர்கா அனாமிகா' வெண்டை நரம்புத் தேமல் நோயைத் தாங்குவது, அது ஒட்டு ரகம் அல்ல, விதை எடுத்து மறுபடி போடலாம். அந்த நிறுவனம் இணையத்திலேயே விதை விற்கிறது. போனில் வாங்கிச் சூடுபட்டவன் மறுபடி போனிலா என்றால், ஆமாம். ரகத்தை உருவாக்கியவர்களே விற்கிறார்கள், பெயர் சொன்னால் அந்த ரகத்துக்கு ஒரு வரலாறு எழுத்தில் இருக்கிறது. தங்க எழுத்துக் கவருக்கு அது இல்லை.

'நாட்டு விதை' என்ற சொல்லுக்கு, இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் போன்றவர்கள் ஊர் ஊராக நடந்து பேசி மரியாதை வாங்கிக்கொடுத்தார்கள். இப்போது அந்த மரியாதைக்கு விலை வைத்து விற்கிறார்கள். எந்த நாடு, எந்த ஊர், யார் கழனி என்று சொல்லாத நாட்டு விதையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. விதைத் திருவிழாக்களில் நேருக்கு நேர் கேட்கலாம். 'இது உங்க வூட்ல எத்தன வருஷமா போடறீங்க?' என்று கேட்டால் உண்மையாக வைத்திருப்பவர் உட்கார வைத்துக் கதை சொல்வார். மற்றவர் பாக்கெட்டைக் காட்டுவார்.

அரசுப் பக்கமும் ஒரு வழி உண்டு. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்பு என்று பை, விதை எல்லாம் சேர்த்து மானியத்தில் கொடுத்திருக்கிறது. உழவன் செயலியில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வேலூர்க்காரர்களுக்கு இன்னும் கிட்டத்தில் விரிஞ்சிபுரம். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. 'வி.ஆர்.எம். 1' என்ற கத்திரி ரகத்துக்கு அந்த நிலையத்தின் பெயர்தான். பருவத்தைப் பொறுத்துத்தான் எந்த விதையும் இருக்கும் என்பதால் முதலில் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் வேறு வழியில்லை, மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கும் போயே ஆகவேண்டும். கார்த்திகைக் கடை ஞாயிறன்று பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் முழுகி ஈரப்புடவையோடு பிராகாரத்தில் படுத்திருப்பார்கள். விதை கேட்டு வந்த ஊர் பொருத்தமான ஊர்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் முள்ளுக்கத்திரி கடைசியில் கிடைத்தது டோல்கேட் உழவர் சந்தையில்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு ஆயா. பங்குனியில் ஒரு நாள் அவள் தராசில் கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தபோது, காம்பைப் பிடித்த என் விரலில் முள் குத்தியது. குத்தினதும் சந்தோஷப்பட்டவன் அன்று சந்தையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "ஆயா, இது விதைக்கு ஒண்ணு கெடைக்குமா?" என்றேன். "இது பிஞ்சி நைனா. இதுல இன்னா வெத இருக்கும்? வெதக்கின்னு ரெண்டு காயி செடிலயே வுட்டுகீறேன். மஞ்ச மஞ்சேர்னு ஆவட்டும். அடுத்த வாரம் வா" என்றாள். விதைக்கு முதல் பறிப்புக் காயும் ஆகாதாம், ஓய்ந்த செடியின் கடைசிக் காயும் ஆகாதாம், நடுவில் வருவதைத்தான் விடவேண்டுமாம். பக்கத்துக் கழனியில் வேறு கத்திரி இருக்கிறதா என்று கேட்டேன். கத்திரி ஓரளவு தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், ஆனாலும் தேனீ கொண்டுவந்து கலந்துவிடுவது உண்டு. "ஒரு பக்கம் மல்லாட்ட (வேர்க்கடலை), ஒரு பக்கம் நெல்லு. இன்னா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கேக்கற?" என்றாள். உண்மையில் அதே விசாரணைதான்.

அடுத்த வாரம் கொண்டுவந்தாள். தேங்காய்நார் நிறத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் இருக்குமே, அந்த நிறத்தில், தோல் கெட்டியாக, கையில் கனமாக ஒரே ஒரு காய். பதினைந்து ரூபாய். வீட்டில் அதை நாலைந்து நாள் அப்படியே வைத்து, நன்றாக மசிந்ததும் அறுத்தேன். உள்ளே சதை பஞ்சாகி, விதைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் சக்கையும் பதரும் மேலே வந்துவிடும், முற்றின விதை அடியில் போய் உட்காரும். மேலே மிதப்பதை வழித்துக் கொட்டி, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி வழித்து, மூன்றாவது தண்ணீரில் அடியில் மணல் மாதிரி சுத்தமாகப் படிந்திருந்தது. டீ வடிகட்டியில் அள்ளி, ஆயா சொன்னபடி சலித்த சாம்பலில் புரட்டி, துணியில் பரப்பி மாடிப்படி நிழலில் நாலு நாள் வைத்தேன். விரலுக்கு நடுவில் ஒட்டாமல் சலசலவென்று உதிர வேண்டும். எண்ண ஆரம்பித்து முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பதினைந்து ரூபாய்க்கு!

"எடுத்த கையோட போடாத, கொஞ்ச நாளு தூங்கட்டும்" என்று சொல்லியிருந்தாள். அது சரியான பேச்சு. புதிதாக எடுத்த கத்திரி விதைக்கு உறக்கம் உண்டு, உடனே போட்டால் அரைகுறையாகத்தான் முளைக்கும். பங்குனியில் எடுத்ததை ஆடி பிறந்ததும் குழித்தட்டில் போட்டேன். இருபதுக்குப் பதினேழு. நாலாவது இலை வந்ததும் தினமும் குனிந்து தண்டைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு காலையில் தண்ணீர் ஊற்றும்போது இலையின் நடுநரம்பில், ஊதா நிறத்தில், குண்டூசி நுனி அளவுக்கு ஒன்று நிமிர்ந்து நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி எடுத்துவரப் போனவள் திரும்பி வரவில்லை, சீரியல் ஆரம்பித்துவிட்டது.

காய்த்த பிறகு பத்துக் காயை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போய்க் காட்டினேன். கத்திரிக்காய் விற்கிறவளுக்குக் கத்திரிக்காய் கொண்டுபோகும் அளவுக்குப் பெருமை. அவள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பையின் அடியில் கிடந்த தக்காளியைத்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நல்லா கீதே. கல்லு மாதிரி. இதுல ஒரு பழம் குடு, வெத போடறேன்."

"அது ஹைப்ரிட்டு ஆயா. விதை எடுத்துப் போட்டா இதே மாதிரி வராது. ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி வரும்."

"வரட்டுமே. இன்னா வருதுன்னு பாக்கலாம். நல்லா வர்ற செடில மறுக்கா எடுத்துக்கறேன்" என்று சொல்லி, நல்லதாகப் பார்த்து இரண்டு பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பால் கவரை எடுத்து, காராமணி விதை ஒரு கை அள்ளிப் போட்டு என் பையில் வைத்தாள். ரகம் என்ன என்று கேட்டேன். "காராமணி" என்றாள். கவரின் மேல் தேதியும் 'அணைக்கட்டு ஆயா' என்றும் எழுதி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் பின்பக்க வேலி ஓரமாக ஊன்ற வேண்டும்.